முப்பத்தேழாம் நம்பரின் வலது கன்னம்

என் அக்கா சண்முகத்தாய்க்கு மறதி என்பதே கிடையாது. எந்தக் கல்யாண வீட்டில் யார் அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அது எந்த வருஷம், அன்றைக்குப் பந்தியில் என்ன கூட்டு வைத்தார்கள் என்பது வரை சொல்வாள். நல்லது செய்தவர்களையும் அப்படியே நினைவில் வைத்திருப்பாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அது பொய். நல்லது செய்தவர்களை அவள் ஒரு வாரத்தில் மறந்துவிடுவாள்.

அவள் கருப்பு. எங்கள் வீட்டில் எல்லோருமே கருப்புதான். நானும் கருப்புதான், ஆனால் ஆண்பிள்ளை என்பதால் யாரும் அதை என்னிடம் ஒரு சேதியாகச் சொன்னதில்லை. அவளிடம் சொல்லாத ஆள் இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் சொன்னார்கள், பள்ளிக்கூட நாடகத்தில் அரக்கி வேஷத்துக்கு அவளைத்தான் கூப்பிட்டார்கள். நல்ல உயரம், நேரான மூக்கு. அவள் சிரித்தால் எதிரில் இருக்கிறவரும் சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்புக்காகத்தான் 1999இல் விருதுநகர் பஜாரில் ஒரு ஃபேன்சி கடையில் அவளை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஓசியில் விளம்பரம் செய்துகொடுக்க நான் ஆளில்லை. அதை நடத்தியது சொர்ணலட்சுமி அம்மாள். அவருடைய கணவர் கனகசபாபதிக்கு ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை இருந்தது. எங்கள் ஊர் வாயில் அது வெடி ஆபீஸ். 'அம்மாள்' என்று மரியாதைக்கு ஒரு தடவை எழுதிவிட்டேன். இனிமேல் எழுத மாட்டேன்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. படியேறி வருகிறவர் யாராக இருந்தாலும், ஊக்கு வாங்க வந்த சின்னப் பிள்ளையாகவே இருந்தாலும், முதலில் 'வாங்க' என்று சொல்லியாக வேண்டும். சொல்லாத பெண்ணுக்கு அன்றைக்கு முழுக்கத் திட்டு விழும். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் சொர்ணலட்சுமியும் தலை நிமிராமலே ஒவ்வொருவருக்கும் 'வாங்க' சொல்வாள். வியாபாரக் குடும்பத்துப் பழக்கம், அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

அக்காவை நிறுத்தியிருந்தது கிரீம், பவுடர் விற்கிற பகுதியில். அவளுக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி. வருகிற பெண்கள் அதில் தங்களைப் பார்த்துக்கொண்டே பொட்டு எடுப்பார்கள், மை எடுப்பார்கள். யாருக்கு எது பொருந்தும் என்று அக்கா ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். வேறு கடைக்குப் போக நினைத்து வந்தவர்கள்கூட அவளிடம் பேச்சுக் கொடுத்து நின்றார்கள். இரண்டு வருஷம் அப்படிப் போனது.

2001 ஆவணியில் காரியாபட்டியிலிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி வந்தது. பெண்ணுக்குச் சிவப்பழகு கிரீம் வேண்டும் என்று கேட்டார்கள். அக்கா நாலு வகை எடுத்து வைத்து விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் ஒருத்தி டப்பாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதைப் போட்டா உன்னைய மாதிரி ஆயிருவமாத்தா?"

கோஷ்டி முழுவதும் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அவளிடம் அதற்குப் பதில் தயாராக இருந்தது, அந்தப் பதிலில் கோஷ்டி இன்னொரு தடவை சிரித்திருக்கும், இரண்டு டப்பா கூடுதலாகவும் வாங்கியிருக்கும். ஆனால் கல்லாவிலிருந்து எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது சொர்ணலட்சுமிதான்.

"ஏய் சண்முகத்தாய், அந்தக் கண்ணாடிக்கு முன்னால இனிமே நிக்காத. உன் மூஞ்சியைப் பாத்தா எவ கிரீம் வாங்குவா? உள்ள போயி டப்பா அடுக்கு."

கடையில் அப்போது இருபது பேராவது இருந்திருப்பார்கள். அக்கா உள்ளே போனாள். அடுத்த வாரமே அவளை வெடி ஆபீசுக்கு மாற்றினார்கள். அதற்கும் ஒரு சமாதானம் சொல்லி அனுப்பினாள் அந்தப் புண்ணியவதி. "அங்கன எல்லாரும் ஒரே கலர்தான், உனக்கு ஒண்ணும் வித்தியாசமாத் தெரியாது."

கண்ணாடி முன்னால் அது நடந்த அன்று சாயங்காலம் அக்கா என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் அளலைலே கதிரு. இன்னைக்கு நான் நின்ன மாதிரி அவ ஒரு நாளைக்குக் கூட்டத்துக்கு நடுவுல நிக்கணும். எல்லாரும் சிரிக்கணும். சிரிக்க வச்சது நான்தான்னு அவளுக்குத் தெரியணும். என் பேரைச் சொல்லிக் கூப்பிடணும்." எனக்கு அப்போது பத்தொன்பது வயது, சிவகாசியில் ஒரு அச்சகத்தில் ஆப்செட் இயந்திரம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். பேசிப் பேசி ஆறிவிடும் என்று நினைத்தேன். என் அக்காவை எனக்கே அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

ஆறு வருஷம் ஆறவில்லை. நடுவில் கல்யாணம் நடந்தது, ஆமத்தூரில் முனியராஜ் என்கிற நல்ல மனுஷன், லாரியில் லோடு ஏற்றுகிறவர். மாமியார் மாரித்தாயும் தங்கமான கிழவி. இவ்வளவு வாய்த்த பிறகு வேறு யாராக இருந்தாலும் பழசை விட்டிருப்பார்கள். அக்கா விருதுநகர் போகும்போதெல்லாம் சுற்றுவழியாக நடந்து அந்தக் கடை வாசலைத் தாண்டித்தான் போவாள். ஏன் இந்தப் பக்கம் வருகிறாய் என்று கேட்டால், கோபம் குறைந்துவிடக் கூடாதே என்பாள்.

வெடி ஆபீசில் அவளுக்குக் கிடைத்தது பட்டாசுக்குள் மருந்து செலுத்தும் வேலை. அலுமினியப் பொடி எப்படிப் பறக்கும் என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காலையில் தேங்காய் எண்ணெயை முகத்திலும் கையிலும் தேய்த்துக்கொண்டு போவார்கள், அப்படியும் சாயங்காலம் எல்லோர் முகமும் ஈயம் பூசினாற்போலச் சாம்பல் நிறமாக இருக்கும். குழாயடியில் கழுவினால் முக்கால்வாசி போகும், கால்வாசி தங்கிவிடும். சீசன் முழுக்க அது மேலே மேலே படியும். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் ஆபீசை மூடுவார்கள். பிறகு ஒரு மாதத்துக்கு மேல் லீவு. வெயிலும் இல்லை, பொடியும் இல்லை, தினமும் சீயக்காய்க் குளியல். கார்த்திகை முடிவதற்குள் ஆமத்தூர்ப் பெண்கள் எல்லோருக்கும் முகம் தானாகத் தெளிந்துவிடும். இது அங்கே குழந்தைக்கும் தெரியும். முதலாளி வீட்டுக்கு மட்டும் தெரியாது, அவர்கள் சீசனில் ஆபீஸ் பக்கம் வருவதும் இல்லை, லீவில் ஆமத்தூர்த் தெருப் பக்கம் வருவதும் இல்லை.

2007இல் கனகசபாபதியின் மகன் தருண்குமார் சென்னையில் மருந்துப் படிப்பை முடித்துவிட்டு, அனுப்பிரியா என்கிற பெண்ணைக் கல்யாணமும் செய்துகொண்டு ஊர் திரும்பினான். வைட்டமின் சி கலந்த கிரீம் தயாரித்து விற்பது அவன் திட்டம். ஆரஞ்சு மிட்டாய் வாசம் அடிக்கும், முகத்தை வெளுப்பாக்கும், தை மாதக் கல்யாணச் சீசனுக்குக் கடைகளுக்குப் போய்விட வேண்டும். கிரீம் வேலை செய்கிறது என்று காட்ட ஒரு சோதனையும் வைத்தான். வெடி ஆபீசில் நாற்பது பெண்களைத் தேர்ந்தெடுத்து, பன்னிரண்டு வாரம் இடது கன்னத்தில் மட்டும் கிரீம் போடச் சொல்வது. வலது கன்னத்தில் ஒன்றும் போடக் கூடாது. முடிவில் இரண்டையும் ஒப்பிட்டால் கிரீமின் யோக்கியதை தெரிந்துவிடும். யோசனை நல்ல யோசனைதான், நானே ஒத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் முதல் வாரம், வேலை முடிகிற நேரத்தில் பெண்களை வாசலில் வரிசையாக நிறுத்தினார்கள். ஆள் எடுக்க சொர்ணலட்சுமியே மருமகள் அனுப்பிரியாவோடு காரில் வந்து இறங்கினாள். வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தவள் அக்காவுக்கு முன்னால் நின்றாள். தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள்.

"அனு, இவளைக் கட்டாயம் சேத்துக்கோ. இதைவிடக் கருப்பு கெடைக்காது." பிறகு அக்காவிடம், "எந்த ஊரு நீ?"

"ஆமத்தூரும்மா."

"ஒழுங்காப் போடணும், என்ன?" என்று சொல்லிவிட்டு அடுத்தவளிடம் போய்விட்டாள்.

பெயர் கேட்கவில்லை. நாற்பது பேருக்கும் நம்பர் எழுதின அட்டை ஒன்றை ஊக்கால் குத்திவிட்டார்கள். அக்கா முப்பத்தேழு.

அன்று அக்கா வீட்டுக்கு வந்த வேகத்தை என்னால் மறக்க முடியாது. நான் மாமாவைப் பார்க்க ஆமத்தூர் போயிருந்தேன். "எந்த ஊருன்னு கேக்காலே! ரெண்டு வருசம் அவ கண்ணு முன்னால நின்னிருக்கேன், எந்த ஊருன்னு கேக்கா!" அவமானப்படுத்தியதைக்கூட அவள் ஏதோ கணக்கில் வைத்திருந்தாள். மறந்துபோனதைத் தாங்கவே முடியவில்லை. ஆறு வருஷம் ஒருத்தி மேல் வன்மம் வளர்த்திருக்கிறாள், அந்தப் பக்கத்துக்கு அது போய்ச் சேரவே இல்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு சின்ன ட்யூப் கொடுப்பார்கள், காலி ட்யூபைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். முதல் வாரமே அக்கா தீர்மானம் செய்துவிட்டாள். அந்தப் பொம்பளையின் கிரீம் தன் முகத்தில் படக் கூடாது. அப்போது அவளிடம் வேறு திட்டம் எதுவும் இல்லை, வெறும் வீம்புதான். ஆனால் ட்யூப் காலியாக வேண்டுமே. கீழே கொட்டவும் மனம் வரவில்லை. மாரித்தாய்க் கிழவிக்கு இரண்டு குதிகாலும் பித்தவெடிப்பு, பருத்திக் காட்டிலேயே நடந்து நடந்து விரல் நுழைகிற அளவுக்குப் பிளந்திருக்கும்.

"என்னாத்தா இது, முட்டாயி வாசம் அடிக்கு?" என்று கேட்டாள் கிழவி.

"காலுக்கு மருந்து அத்தை. பேசாம நீட்டுங்க."

இதே சமயத்தில் எங்கள் அச்சகத்துக்கு ஒரு ஆர்டர் வந்தது. கை அகல அட்டை, அதில் பன்னிரண்டு கட்டம். ஒன்றாம் நம்பர் பால் மாதிரி வெளுப்பு, பன்னிரண்டு நல்ல கருப்பு, இடையில் படிப்படியாக நிறம். ஷேடு கார்டு என்றார்கள். கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து எந்தக் கட்டம் பொருந்துகிறதோ அந்த நம்பரை எழுதிக்கொள்வார்களாம். அதை அடித்தது நான்தான். தருண்குமாரின் கிரீமுக்கு என்று தெரிந்ததும் மிச்சம் விழுந்த அட்டைகளில் ஒன்றை அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நிறத்தைப் பார்ப்பது என் தொழில். காலையில் அடித்த தாளையும் மத்தியானம் அடித்த தாளையும் ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே விளக்குக்குக் கீழே வைக்க வேண்டும், தாளில் தூசி இருக்கக் கூடாது. இந்தப் பாடத்தை முதல் நாளே மண்டையில் குட்டிச் சொல்லிக்கொடுப்பார்கள். அனுப்பிரியா முதல் தடவை அட்டை வைத்துப் பார்த்தது செப்டம்பரில், வெடி ஆபீஸ் வாசலில், பொழுது சாய்கிற வெளிச்சத்தில், அவசரமாகக் குழாயடியில் கழுவிக்கொண்டு வந்த முகங்களில். அக்காவுக்குப் பதினொன்று என்று எழுதினாள். கடைசித் தடவை பார்த்தது டிசம்பரில், லீவு ஆரம்பித்து ஒரு மாதம் கழித்து, விருதுநகர்க் கடைக்கு எல்லோரையும் வரவழைத்து, ட்யூப்லைட்டுக்குக் கீழே. தலை குளித்து, பூ வைத்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். எங்கள் அச்சகத்தில் இப்படி ஒருத்தன் நிறம் பார்த்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நாற்பது பேருக்கும் இடது கன்னம் வெளுத்திருந்தது. அக்காவுக்குப் பதினொன்று எட்டாகிவிட்டது. நாற்பது பேரில் அதுதான் பெரிய முன்னேற்றம். கிரீமில் ஒரு பொட்டுக்கூடத் தொடாதவளுக்கு முதல் இடம்!

அனுப்பிரியா நேர்மையாகத்தான் ஆரம்பித்தாள். முதல் மூன்று பேருக்கு வலது கன்னத்திலும் அட்டை வைத்துப் பார்த்தாள். பார்த்ததும் முகம் மாறியது. எழுந்து போய் மாமியாரின் காதில் ஏதோ சொன்னாள். சொர்ணலட்சுமி கல்லாவில் இருந்தபடியே, "வலது கன்னம் எதுக்கு? கிரீம் போட்ட பக்கத்தை மட்டும் பாரு," என்றாள். அதற்குப் பிறகு வலது கன்னத்தை யாரும் பார்க்கவில்லை. வரிசையின் கடைசியில் நின்ற அக்கா இதைப் பார்த்துவிட்டாள்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் அவள் பக்கத்தில் ரோஜா உட்கார்ந்து வந்தாள். அதே வெடி ஆபீஸ், இருபத்திரண்டு வயது. சாத்தூரிலிருந்து பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் பெண் கொஞ்சம் நிறமாக இருந்தால் தேவலை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பன்னிரண்டு வாரமும் ஒரு நாள் தவறாமல் கிரீம் போட்டவள் அவள்தான். "எனக்குப் பத்து எட்டாயிருச்சுக்கா. ஒரு பக்கத்துக்கே இம்புட்டுன்னா, ரெண்டு பக்கமும் போட்டா?" என்று அந்தப் பிள்ளை கேட்டது. அக்கா அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து, முற்றத்து வெளிச்சத்தில் நிறுத்தி, நான் கொடுத்த அட்டையை எடுத்தாள். இடது கன்னம் எட்டு. வலது கன்னமும் எட்டு. இரண்டு தடவை பார்த்தாள், கண்ணாடியைக் கொடுத்து ரோஜாவையே பார்க்கச் சொன்னாள். பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதது.

"அளாத," என்றாள் அக்கா. "தையில ஒரு வேடிக்கை இருக்கு."

அடுத்த வாரம் தருண்குமாரே ஆமத்தூருக்கு ஆள் அனுப்பினான். முப்பத்தேழாம் நம்பரின் படத்தைத்தான் டப்பாவில் போடப் போகிறார்கள். செப்டம்பரில் எடுத்த சாம்பல் முகம் ஒரு பக்கம், டிசம்பரில் எடுத்த இடது கன்னம் ஒரு பக்கம். அறிமுக விழாவில் அவள் மேடையேறி நாலு வரி பேச வேண்டும். அக்கா போய்ப் பார்த்து, சரி என்றாள். பெயரைச் சொல்லப் போனவளை அனுப்பிரியா நிறுத்திவிட்டாள். "பேரெல்லாம் வேண்டாங்க, நாங்களே ஒரு பேர் வெச்சுட்டோம். நிலா." நாலு வரியையும் எழுதிக் கொடுத்தார்கள். 'பன்னிரண்டே வாரத்தில் நான் புதுப் பெண் ஆனேன்' என்று ஆரம்பிக்கும். அக்கா அதை மனப்பாடம் செய்து எனக்கு ஒப்பித்துக் காட்டினாள். ஒரு வார்த்தை தப்பவில்லை. எனக்குத்தான் பயமாக இருந்தது.

"வேலை போயிருமேக்கா."

"போகட்டும்லே. பொங்கல் களிஞ்சா எல்லா ஆபீசுலயும் ஆள் தேடுவான்."

விழா தை முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மதுரையிலிருந்து திருநெல்வேலி வரை கடைக்காரர்கள் இருநூறு பேர் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு பை. அதில் ஒரு ட்யூப், ஒரு இனிப்புப் பொட்டலம், நான் அடித்த ஷேடு கார்டு. கடைசிக் கட்டு அட்டையைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் நானும் பின்வரிசையில் நின்றுகொண்டேன். மாரித்தாய்க் கிழவி முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். விருந்து இருக்கிறது என்று சொல்லி அக்காதான் கூட்டிவந்திருந்தாள்.

தருண்குமார் அரை மணி நேரம் பேசினான். பிறகு 'நிலா' மேடையேறினாள். கரும்பச்சைப் பட்டு, தலை நிறையப் பூ. பூ வைத்துவிட்டது சொர்ணலட்சுமி. அக்கா மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு அந்தப் பழைய சிரிப்பைச் சிரித்தாள். கூட்டமும் சிரித்தது.

"எல்லாருக்கும் வணக்கம். உங்க பையில ஒரு அட்டை இருக்கும், வெளிய எடுங்க. யாராச்சும் ஒருத்தர் மேல வாங்க."

இது நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்றே எல்லோரும் நினைத்தார்கள். தருண்குமார் திரும்பி மனைவியைப் பார்த்தான், அனுப்பிரியா கையை விரித்தாள். அதற்குள் ஒரு பருத்த கடைக்காரர் அட்டையோடு மேடையேறிவிட்டார். எந்த ஊர் என்று அக்கா கேட்டதற்குக் காரியாபட்டி என்றார்.

"எடது கன்னத்துல வச்சுப் பாருங்கண்ணே. எத்தனை?"

"எட்டு." கைதட்டல்.

"இப்ப வலது. இந்தப் பக்கம் கிரீம் போடக் கூடாதுன்னு சொல்லியிருந்தாக, போடல."

அவர் வைத்தார், எடுத்தார், சட்டையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வைத்தார். "இதுவும் எட்டுதாம்மா," என்றார். மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

சொர்ணலட்சுமி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். அக்கா அவசரப்படவில்லை.

"எட்டும் எட்டும் ஒண்ணா இருக்கேன்னு பாக்கீகளா? வெடி ஆபீஸ் லீவு விட்டா எங்க ஊருல எல்லாருக்கும் மூஞ்சி இப்படித் தெளிஞ்சிரும். அப்ப கிரீம் எங்க போச்சுன்னு கேப்பீக. அத்தை, மேல வாங்க."

கிழவி மேடையேறினாள். எதற்கென்று அவளிடம் அக்கா சொல்லியிருக்கவில்லை. காலைக் காட்டுங்கள் என்றதும், லாடம் அடிக்க நிற்கிற மாடு மாதிரி திரும்பி நின்று ஒரு பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். அவ்வளவு வயதான காலில் அப்படியொரு குதிகாலை நான் பார்த்ததில்லை. சின்னக் கீறல்கூட இல்லாமல் வழவழவென்று இருந்தது.

"பன்னெண்டு வாரமும் என் மூஞ்சியில ஒரு பொட்டு வைக்கல. அம்புட்டும் எங்க அத்தை காலுக்குத்தான் போச்சு. ஒரு வெடிப்பு இருந்தாச் சொல்லுங்க!"

முதலில் சிரித்தவர் காரியாபட்டிக்காரர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு இருநூறு பேரும் சிரித்தார்கள். கிழவியும் என்னவென்று புரியாமலே சிரித்தாள். "மொதலாளியம்மா, கால் கிரீம்னு பேரை மாத்துங்க, ஒரு லோடு நானே எடுத்துக்கிடறேன்!" என்று காரியாபட்டிக்காரர் மைக்கில் சொன்னார். மண்டபம் அதிர்ந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் சொர்ணலட்சுமி தனியாக நின்றுகொண்டிருந்தாள். என் அக்கா ஆறு வருஷமாகக் கேட்டது அதைத்தான்.

ஒரு பாக்கி இருந்தது. அக்கா தன் பெயரைச் சொல்ல வேண்டும், கடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும், அப்போதுதான் அந்தப் பொம்பளைக்கு இவள் யார் என்று தெரியும். அதற்கும் வார்த்தைகள் தயாராக வைத்திருந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் சொர்ணலட்சுமி மேடைக்கு ஓடிவந்து காரியாபட்டிக்காரர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"ஏய் சண்முகத்தாய்! எறங்குடி கீள! அன்னைக்குக் கண்ணாடி முன்னால நிக்காதன்னு சொன்னதுக்கு இம்புட்டு வன்மமாடி உனக்கு?"

ஒலிபெருக்கியில் அது மூலைக்கு மூலை கேட்டது. அக்காவின் சிரிப்பு நின்றுபோனது. சொர்ணலட்சுமியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிலா என்று எழுதிய பெயர்ப்பலகை பின்னால் தொங்கியது. அந்த மண்டபத்தில் சண்முகத்தாய் என்ற பெயரை அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

"எந்த ஊருன்னு கேட்டீகளேம்மா," என்றாள் அக்கா.

அக்கா மாமியார் கையைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கிக்கொண்டு, நடுவழியாக நடந்து வெளியே போனாள். விருந்து சாப்பிடவில்லை. கிழவிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

பஸ்ஸில் நான் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தேன். அவள் கேட்டதெல்லாம் நடந்துவிட்டதே, கூட்டத்துக்கு நடுவில் நிற்க வைத்தாய், சிரிக்க வைத்தாய், பெயரையும் சொல்ல வைத்தாய் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அன்று அவள் முகத்தில் இருந்த கோபத்தை 2001இல்கூட நான் பார்த்ததில்லை.

"தெரிஞ்சிருக்குலே அவளுக்கு. வரிசையில நிக்கும்போதே தெரிஞ்சிருக்கு. தாடையைப் பிடிச்சுத் திருப்பும்போதும் நான் யாருன்னு தெரிஞ்சுதான் திருப்பியிருக்கா. மறந்துட்டாளாக்கும்னு நெனச்சு நான் அரைவாசிதான்லே செஞ்சேன்."

மறுநாள் வேலை போனது. அடுத்த திங்கட்கிழமையே வேறொரு வெடி ஆபீசில் கூப்பிட்டு எடுத்துக்கொண்டார்கள். ரோஜா சாத்தூர் மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பங்குனியில் எங்கள் அச்சகத்துக்குத் தருண்குமாரின் கிரீம் டப்பா ஆர்டர் மறுபடி வந்தது. அதே ஆரஞ்சுப் பழம், அதே எழுத்து. முகம் இருந்த இடத்தில் ஒரு பாதம். அந்த லோடை நான் பாட்டுப் பாடிக்கொண்டே அடித்து முடித்தேன்.

அந்தக் கால் கிரீம் கடைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு விருதுநகர் போனாள். ஆறு வருஷம் வாசலோடு போனவள், டிசம்பரில் முப்பத்தேழாம் நம்பராக ஒரு தடவை வந்துபோனவள், அன்று சாமான் வாங்குகிறவளாகப் படியேறினாள். கல்லாவில் சொர்ணலட்சுமி தலை நிமிராமல் பழக்கத்தில், "வாங்க," என்றாள். சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். கடையில் நல்ல கூட்டம். வந்தவளை வெளியே போ என்று சொல்ல முடியாது, அவள் போட்ட சட்டம் அவளுக்கும் உண்டு.

அக்கா நேராகக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். அங்கிருந்த புதுப்பெண்ணிடம் கால் கிரீம் ஒன்று கேட்டாள். சத்தமாகவே கேட்டாள். பிறகு பொட்டைச் சரி செய்தாள், முடியை ஒதுக்கினாள், இடது கன்னத்தைப் பார்த்தாள், வலது கன்னத்தைப் பார்த்தாள். அவள் முகத்துக்குப் பின்னால் கண்ணாடியில் கல்லாவும் சொர்ணலட்சுமியும் தெரிந்தார்கள். வேண்டுமென்றே மெதுவாகத் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பொட்டு எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் இவளுக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள்.

பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு சொர்ணலட்சுமிதான் வாயைத் திறந்தாள். "வேற என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்மா," என்றாள் அக்கா, கண்ணாடியிலிருந்து திரும்பாமல். "உங்களுக்கு மறந்துரக் கூடாதுல்ல, அதான் நின்னு பாத்துட்டுப் போறேன்."

மாரித்தாயின் குதிகால் குணமாகி எத்தனையோ நாளாகிவிட்டது. அக்கா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கால் கிரீம் வாங்க அந்தக் கடைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.